எஜமானுக்கு ஒரு பிளாஷ்பேக்

தமிழ் சினிமாவில் பெண்களை வரிசையாகக் கொல்ல ஆசைப்படுபவன் முதலில் ஒரு சோகமான பால்யத்தைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். மற்றதை இளையராஜா பார்த்துக்கொள்வார்.

1978-இல் வந்த 'சிகப்பு ரோஜாக்கள்' அப்படித்தான். சின்ன வயதில் பெண்களால் பட்ட காயத்துக்கு, வளர்ந்து பெரிய பணக்காரனான பிறகு நாயகன் திலீப் வட்டியோடு வசூல் செய்கிறான். படுக்கையும் கொலையும் படமாகின்றன. வளர்ப்பு அப்பா உட்கார்ந்து பார்த்து ரசிக்கிறார். செத்தவர்கள் தோட்டத்தில் ரோஜாவுக்கு உரம். அவர்களுக்குப் பால்யம் கிடையாது. தப்பிய மனைவி சாரதா, சிறையில் புத்தி பேதலித்துக் கிடப்பவனைப் போய்ப் பார்க்கிறாள். பாரதிராஜா மோசமாக எடுத்திருந்தால் மறந்து தொலைத்திருப்போம். நன்றாக எடுத்துவிட்டார். 'குத்துங்க எஜமான்' என்ற வசனத்துக்கு இன்றும் மீம் போட்டுச் சிரிக்கிறோம்.

நிஜத்தில், காரைக்காலில் பங்களாவும் வேண்டியிருக்கவில்லை, புரொஜக்டரும் வேண்டியிருக்கவில்லை. 2012 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மென்பொருள் பொறியாளர் ஒருத்தி, மறுநாள் இரவு சென்னைக்குப் பேருந்து ஏறக் கிளம்பினாள். தன்னை வேண்டாம் என்றவள் மீது ஒருவன் அமிலத்தை ஊற்றினான். பார்வை போனது. 2013 பிப்ரவரியில் உயிரும் போனது. அமிலத்தைக் கண்டவர்களுக்கு விற்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது அந்த ஜூலையில். ஆகஸ்டில் அவனுக்கு ஆயுள் தண்டனை. நம் நாட்டில் எல்லாமே நடக்கும், பிணத்தை எடுத்த பிறகு.

இது காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர். வருடா வருடம் ஆனியில் மாங்கனி இறைக்கிறோம். அழகும் சதையும் வேண்டாம், பேயுருவம் கொடு என்று அந்த அம்மா தானே கேட்டாள், சிவன் கொடுத்தார். 2012-இல் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுக்க ஒருவன் கிளம்பிவிட்டான்.

இப்போது கேமரா எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. பொள்ளாச்சியில் பெண்களைச் சீரழித்து, படமெடுத்து, அதையே காட்டி மிரட்டினார்கள். அந்த விவகாரம் வெடித்த 2019-லேயே ஒரு சினிமா மேடையில் பாக்கியராஜ் ஊசியையும் நூலையும் உதாரணம் காட்டி, ஆண்களை மட்டும் குறை சொல்லக் கூடாது என்றார். பெண்கள் கையிலிருக்கும் செல்போனைப் பற்றியும் கவலைப்பட்டார். 'சிகப்பு ரோஜாக்க'ளுக்கு வசனம் எழுதியவர். நாற்பத்தொரு வருடமாகியும் பேனாவில் மை தீரவில்லை. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. ஊசியைப் பற்றி நீதிபதி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

என்றைக்காவது ஓர் இயக்குநர் காரைக்காலுக்கு வந்து லொக்கேஷன் பார்ப்பார். அரசலாறு அழகாக இருக்கிறது என்பார். அமிலம் ஊற்றியவனுக்குப் பெரிய நடிகர், குடிகார அப்பா, மழை, வயலின். அந்தப் பெண்ணின் சின்ன வயசு? அதற்குக் கால்ஷீட் இல்லை சார், நேரா ஆஸ்பத்திரி சீனுக்குப் போயிடலாம்.