வலைவாய் இயல்

கற்போனே, அமெரிக்கக் கல்லூரியர் ஆடும் பனி வளைதடியாட்டத்தில் வட்டு வலைக்குள் புகுவதற்கும் புகாது ஒழிவதற்கும் உரிய வகைகளை இவ்வியல் உரைக்கும். எழுதுகோலை எடுத்துக்கொள்.

1. பெயர் வரையறை. வலைவாய் என்பது 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உடைய திறப்பு. வட்டு என்பது 3 அங்குலக் குறுக்களவுள்ள கெட்டி இரப்பர். துள்ளாதிருத்தற்பொருட்டு ஆட்டத்துக்கு முன் உறைய வைக்கப்படுவது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவன் காவலன். வட்டு வலைவாய்க் கோட்டினை முழுதும் கடத்தல் புகவு; கடவாமை புகாமை. பாதி கடத்தல் என ஒன்று உண்டோ எனின், இல்லை. கோட்டின்மேல் மயிரிழை தங்கினும் அது புகாமையே.

2. இயல் எழுந்தமை. புகவு நிகழ்ந்தவுடன் மாணவர் கூட்டம் எதிரணிக் காவலனை நோக்கி விரல் நீட்டி, ‘சல்லடை, சல்லடை’ எனக் கூவுதல் கல்லூரிக் களங்களின் வழக்கு. எல்லாம் உன் குற்றமே என்று முடிப்பதும் உண்டு. ஆக, விட்டவனுக்கு ஒரு பெயர் உளது. அதுவும் வகைபிரியாப் பெயர். அரிசிச் சல்லடையோ மாச்சல்லடையோ என்றுகூடக் கூட்டம் கூறுவதில்லை. போடமாட்டாதவனுக்கோ பெயரே இலது. பத்து முறை எய்து பத்தும் தவறியவனை நோக்கி எவ்விரலும் நீளாது. இம்முறைகேட்டுக்கு அடிப்படை கலைச்சொற் பற்றாக்குறையே என்பது எம் துணிபு. அதனை நிரப்புவதே இவ்வியலின் பணி.

3. விடுகை. இது காவலன்பால் நிகழ்வது. புழையாலும் முறையாலும் பகுக்கப்படும்.

3.1. புழைவழிப் பகுப்பு. மெய்ம்மறை பூண்டு, ஒரு கையில் பற்றுறையும் மறுகையில் தடியும் ஏந்தி நிற்பவனைச் சூழ எஞ்சும் வெற்றிடம் புழை. பற்றுறை மேல், பற்றுறை கீழ், தடி மேல், தடி கீழ், கவட்டிடை எனப் புழை ஐந்து. ஐந்தெனல் எம் கூற்றன்று; ஆடுவோரே கவட்டிடையை ஐந்தாம் புழை என்று வழங்குவர். அக்குள் இரண்டையும் ஆறு, ஏழு எனக் கூட்டுவாரும் உளர், ஏற்புடைத்து. இந்நாளைக் காவலர் முழங்கால்களை ஒட்டி ஊன்றிக் கணைக்கால்களை இருபுறமும் விரித்துப் பட்டாம்பூச்சி நிலையில் அமர்வர். அதனால் கீழ்ப்புழைகள் சுருங்கும். தோளுக்கு மேலுள்ளவை பெருகும். எய்வோர் ஆங்கே தேடுவர். தேடி, வலைக்கு மேலும் அனுப்புவர்.

3.2. முறைவழிப் பகுப்பு. எதிராளி முன்னின்று கண்ணை மறைப்பது மறைவிடுகை. வரும் வட்டு வழியில் ஒரு தடியையோ காலையோ தொட்டுத் திரும்புவது திரிவிடுகை. தடுத்த வட்டு முன்னே வழுக்கி மீண்டும் எய்யப்படுவது எச்சவிடுகை. இம்மூன்றும் எளியன, நீயே எடுத்துக்காட்டுத் தேடிக்கொள்.

நான்காவது தன்விடுகை, இதனைக் கூர்ந்து நோக்குக. 2015 ஏப்ரல் 11 அன்று பாஸ்டனில் தேசியப் பட்டத்துக்கான இறுதியாட்டம். மூன்றாம் கூற்றில் பாஸ்டன் பல்கலைக்கழகம் 3–2 என முந்தி நிற்கிறது. பிராவிடன்ஸ் கல்லூரியின் ஆடுவோன் ஒருவன் தொலைவிலிருந்து வட்டை உயரத் தூக்கி விடுகிறான். அஃது எய்வு என்பதினும் அனுப்புகை எனல் தகும். காவலன் அதனைப் பற்றுறையில் பிடிக்கிறான். பிடித்ததைக் கீழே நழுவவிடுகிறான். வட்டு அவன் கால்களுக்கிடையே சென்று கோட்டைக் கடக்கிறது. சற்றைக்குள் பிராவிடன்ஸ் மீண்டும் ஒன்று போட்டு 4–3 என வென்றது. இந்நிகழ்ச்சி புழையால் ஐந்தாம் புழை, முறையால் தன்விடுகை, எய்வோனை நோக்கின் வெறும் நற்பேறு. எனினும் ஆட்டக் கணக்கேடு புகவை அனுப்பியவன் பெயரிலேயே எழுதியது. மறுமுனையில் பிராவிடன்ஸ் காவலன் ஜான் கில்லிஸ் 49 தடுத்தமை ஈண்டு ஒப்புநோக்கற்பாலது.

3.3. விடாது தோற்றல். 2000 மார்ச்சில் அதே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிக் டிபியெட்ரோ, செயின்ட் லாரன்ஸ் அணிக்கு எதிராக 77 தடுத்தான். நான்காம் மிகைப்பொழுதில் 3–2 எனத் தோற்றான். மூன்று கண் மட்டும் உடைய ஒன்றைச் சல்லடை எனல் வழு.

3.4. ஆளில் விடுகை. பின்தங்கிய அணி இறுதித் துளிகளில் காவலனை வெளியே அழைத்துக்கொண்டு ஆறாம் ஆடுவோனை இறக்கும். அப்போது புகுவது காவலன் கணக்கில் ஏறாது. அமர்விருக்கையில் இருந்தவன் விட்டான் எனல் பொருந்தாமையின் இது நேரிது.

4. புகாமை. இஃது எய்வோன்பாலது, பெயரின்றிக் கிடந்தமையின் யாமே பெயரிட்டோம்.

கால்தொடு புகாமையாவது வட்டு வலையின் காலில் மோதி ஓசையுடன் மீளல். பார்ப்போர் இதனை மயிரிழைத் தவறு என இரங்குவர். ஏடோ வலைநோக்கிய எய்வு என்றும் இதனை எண்ணாது. ஏட்டின் பக்கமே நாம் நிற்போம்.

நெஞ்செய்வாவது காவலன் மார்பில் குறிதவறாது எய்தல். கணக்கில் எய்வு பெருகும், புகவு பெருகாது. 40 எய்து ஒன்று போட்ட அணியின் பயிற்றுநர் எதிர்க்காவலனைப் புகழ்வார். அப்புகழில் பாதி நெஞ்செய்தோர் ஈட்டிக் கொடுத்தது.

கொடைமடமாவது தான் எய்யற்பாலதைத் தோழனுக்கு ஈதல். எதிரணியில் ஒருவன் குற்றத்தால் 2 மணித்துளி வெளியமர, ஐவர் நால்வரை எதிர்க்கும் பொழுதில் இது மிகும். வட்டு ஐவர் தடியிலும் வலம் வரும், யாரும் எய்யார், அமர்ந்தவன் திரும்பி வந்துவிடுவான். கூட்டம் எய், எய் எனக் கதறும். எம் கருத்தில் புகாமையுள் இதுவே கொடிது. வள்ளன்மை ஆகலின் யாரும் கடிவதில்லை.

வலைக்கு மேல் அனுப்பல், வெறுவலையில் தவறல் என்பன சொல்லாமலே விளங்கும்.

5. முழுவடைப்பு. ஆட்டம் முழுதும் ஒன்றும் விடாமை. கடையடைப்பொடு மயங்கற்க. கார்னெல் பல்கலைக்கழகக் காவலன் கென் டிரைடன் 76 வெற்றி, 4 தோல்வி, 1 ஈடு எனக் கல்லூரி வாழ்வை முடித்தவன். 1967இல் பட்டமும் கொண்டவன். அவன் பெயரை இடப்பெற்ற டிரைடன் மெக்கே பின்னாளில் மின்னசோட்டா ஸ்டேட் காவலனாகி 34 முழுவடைப்புக் கண்டான். ரயன் மில்லரின் 26ஐக் கடந்தான். 2022இல், கல்லூரி ஆடுவோருள் சிறந்தோனுக்குரிய ஹோபி பேக்கர் விருதும் பெற்றான். 1988இல் ராப் ஸ்டாபர், 2001இல் மில்லர் என அதற்குமுன் இரு காவலரே அவ்விருது பெற்றனர். பெற்றோர் பெயரிடுகையிலேயே காவலன் ஆதலைப் பெயர்வழிக் காவல் என்க. ஓர் எடுத்துக்காட்டே உளது. வகைக்கு ஒன்று போதும்.

6. புறனடை. வட்டல்லாதன பனிமேல் விழுதலும் உண்டு. ஹார்வர்டு அணி கார்னெலின் ஊராகிய இதாக்காவுக்கு வருகையில் கார்னெல் மாணவர் மீன் எறிவர். மீன் எப்புழைக்கும் உரித்தன்று.

இருபாற் புகாமை என ஒன்றும் எஞ்சியுளது. 2015 மார்ச்சில் மாசச்சூசெட்ஸ், நோட்டர் டேம் அணிகள் மூன்று கூறும் நான்கு மிகைப்பொழுதும் கடந்து, ஐந்தாவதில், 151 மணித்துளி 42 நொடியில்தான் முடித்தன, மாசச்சூசெட்ஸ் 4–3. அந்த இறுதிப் புகவைச் சோர்விடுகை என்க. அது காவலன் சோர்வு, எய்வோன் சோர்வு என இருவகைப்படும். பார்ப்போர் சோர்வையும் மூன்றாவதாகச் சேர்ப்பார் உளர். அது நள்ளிரவு கடந்தும் இருக்கையை விட்டு எழாதோர்க்கு மட்டுமே உரியது ஆகலின், இருக்கை இயலுள் கூறப்படும்.