ஓடாவூர்தி இயல்

மாணாக்க, கேள். ஊர்தி இருவகைப்படும்: ஓடுவது, ஓடாதது. ஓடுவனவற்றுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தார் எண்ணிட்டு ஏடெழுதி வருகின்றனர். அங்கு நமக்கு வேலையில்லை. ஓடாதனவற்றுக்கு நூல் இல்லை. ஆகலின் இவ்வியல் எழுந்தது. கற்குமிடம் திருச்சி–மதுரை நாற்கரச் சாலையில் விராலிமலையை ஒட்டிய ஒரு பழைய இரும்புக் கடை. ஊரார் காயலாங்கடை என்பர். நாம் ஓய்வுக்களம் என்போம். சென்னைப் புதுப்பேட்டை இதனினும் பன்மடங்கு பெரிது. எனினும் அங்கு வந்த ஊர்தி முழுமேனியாய் நெடிது நில்லாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு ஒரு கடைக்கும் விளக்கு ஒரு கடைக்கும் போய்விடும். தொடக்க மாணாக்கர்க்கு அவ்விடம் ஆகாது.

முன்னோர் பகுப்பு இரண்டு. பட்டறையார் பிறந்த ஆலையால் பகுப்பர். 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தோன்றி 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பூண்டது எண்ணூர்க் குடி. 1954 முதல் பென்ஸ் நிறுவனத்தாரோடு கூடி லாரி செய்த டாடாவினது ஜாம்ஷெட்பூர்க் குடி. 2014 வரை அம்பாசிடர் ஈன்றது உத்தரபாராக் குடி. கடைக்காரரோ எடையால் பகுப்பர். இரண்டும் பிழை. என்னை? ஆலையால் பகுப்பின், பெயர்த்தகடு கழன்ற ஊர்தி குடியற்றதாகிவிடும். எடையால் பகுப்பின், மழைநாளில் இருக்கைப் பஞ்சு நீர்குடித்து ஊர்தி ஓரிரவில் வகை மாறும். வகை என்பது நனையாததாய் இருத்தல் வேண்டும்.

எனவே கோலத்தால் பகுக்க. திருமால் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று காண்கிறோம். ஓய்வுக்களத்திலும் அம்மூன்றே, நான்காவது இல்லை.

ஒன்று, நின்றவை. தம் டயர் மேலேயே நிற்பன. டயரில் காற்றின்மை கொள்ளப்படாது. இவை விலைக்கு நின்றவை, தாளுக்கு நின்றவை, நினைவுக்கு நின்றவை என மூன்று. விலைக்கு நின்றவை எளியன, விடுக்க. தாளுக்கு நின்றவற்றை ஊன்றிக் கற்க. ஊர்தி இனி எந்நாளும் ஓடாது என்றானால் உரியவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்து ஆர்சி புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. உரியவர்க்குப் புத்தகம் கிடைப்பதில்லை, பரண்மேல் தேடுகிறார். அதுவரை டிஎன் 55 எண்ணோடு ஊர்தி நிற்கும், தாளில் உயிரோடும் மண்ணில் உயிரின்றியும். நினைவுக்கு நின்றது என்பது, விற்றவரே திங்களுக்கொருமுறை வந்து கதவைத் திறந்து அமர்ந்து, கண்ணாடியைத் திருத்தி, கதவைச் சாத்திவிட்டுப் போவது. சாத்துகையில் அவர் இருமுறை இழுத்துச் சாத்துவர். ஒருமுறை மட்டும் சாத்துபவர் வாங்க வந்தவர்.

இரண்டு, இருந்தவை. உருளி நீங்கிக் கல்மேல் இருப்பன. கருங்கல் இருக்கை, செங்கல் இருக்கை, தன்னுறுப்பிருக்கை என உட்பிரிவு மூன்று. தன்னுறுப்பிருக்கையாவது, தன் கியர் பெட்டியின் மேலேயே தான் அமர்தல்.

மூன்று, கிடந்தவை. மல்லாந்தவை, ஒருக்களித்தவை, குப்புற்றவை எனப்படும். ஈண்டு ஓர் ஐயம். ஊர்திக்கு வயிறு கீழ்ப்புறம் ஆகலின், சாலையில் ஓடுவன யாவும் குப்புற்றவை ஆகாவோ எனின், ஆகா. குழந்தை குப்புற விழுதல் வேறு, தவழ்தல் வேறு. ஓடுவது தவழ்வது, அடிச்சட்டம் மண்தொடக் கிடப்பதே குப்புற்றது. இவ்வேறுபாடு அறியாதார் கேஸ் கட்டர் பிடிக்கத் தகார்.

இனி, விராலிமலைக்கே உரிய சிறப்பு வகை. கருங்கல் மேல் இருந்த லாரியின் கூரையில் மயில் ஒன்று நிற்கும். மயிலோ மலைமேல் உறையும் முருகனின் ஊர்தி. ஆகவே இஃது ஊர்தியேறிய ஊர்தி. கீழது இருந்த ஓடாவூர்தி; மேலது நின்ற ஓடுமூர்தி. இரண்டையும் ஒன்றாய் எண்ணலாமோ எனின், ஆகாது. கீழதற்கு அடிச்சட்ட எண் உண்டு, மேலதற்கு இல்லை. கீழதை அறுக்கலாம், மேலதை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதற் பட்டியலில் வைத்துக் காக்கிறது. கண்மதிப்பால் எடை சொல்லும் வணிகர் மயிலுக்கென ஐந்து கிலோ கழித்துச் சொல்க. தோகை உதிர்ந்த பின் கழிவைச் சிறிது குறைத்துக்கொள்க.

ஆண்மயில் தன் நிழலுருவைப் பகைவன் என்று கொத்தும். ஆகலின் பக்கக் கண்ணாடி உள்ளவரை அம்பாசிடரோடு அதற்குப் போர். உடைந்தபின் அதன் மேலேயே துயில். முன்னது பகைநிலை, பின்னது அமர்நிலை. நினைவுக்கு நின்றதன் உரியவர் வந்து திருத்துவது பகைநிலைக் கண்ணாடியை என்பதைக் குறித்துக்கொள்க. அவர் திருத்தும் கோணத்தால் போர் சிலபொழுது இடம் மாறும்.

மூக்குடைய லாரி, மூக்கிலி லாரி என்னும் பகுப்பு மயிலுக்கு மட்டுமே பயன்படும். மூக்குடையது இருபடி, மூக்கிலி ஒருபடி.

ஓய்வூர்தி அடையும் திரிபு மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். தோன்றலாவது, என்ஜின் இருந்த குழியில் சீமைக்கருவேலம் முளைத்தல். திரிதலாவது, ஸ்பிரிங் பட்டை கொல்லர் உலையில் அரிவாளாதலும், அச்சு டயர் மாட்டுவண்டிக்குப் போதலும், லாரி டியூப் கிணற்றில் நீந்தப் பழகும் சிறுவனைச் சுமத்தலும். கெடுதலாவது துரு. துருவின் உட்பிரிவுகள் தனி இயலில் வரும்; அது பெரிது.

பயிற்சி. ஒன்று: பின்னிருக்கையில் நாய் கிடந்து உறங்கும் அம்பாசிடர், செங்கல் மேல் உள்ளது. கோலம் யாருடையது? இரண்டு: ‘முருகன் துணை’ என்னும் முகப்பெழுத்துத் தலைகீழாய்த் தெரிகிறது. லாரி மல்லாந்ததா, முகப்புத்தகடு மட்டும் கழன்று சாய்ந்ததா? அருகே செல்லாமல் விடை கூறுக. மூன்று: கடைக்காரர் தம் டிவிஎஸ் 50ஐக் குவியலில் சாய்த்துவிட்டு உணவுண்ணச் சென்றார். வந்த வணிகர் அதற்கும் விலை கேட்டார், வேலையாளும் சொன்னான். கடைக்காரர் திரும்புவதற்குள் அவ்வூர்தியை வகைப்படுத்துக.