முழுச்சொல் வள்ளல்

பைத்தானோடு கூடவே வரும் ஐடில் எடிட்டரின் தேடற்பெட்டியே, உன் கொடைத்திறத்தைக் குவைத்தின் ஃபஹாஹீலிலிருந்து பாடுகிறேன். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழ்ச் சொல் விளையாட்டு எழுதும் எனக்கு உன்னைப் போல் கொடையாளி வேறு யார்?

முழுச்சொல் என்ற கட்டத்தில் டிக் வைத்துக் ‘கல்’ என்று தேடினால், தனியே நிற்கும் கல்லை நீ தொடுவதில்லை. ‘கல்வி’யை எடுத்துக் கொடுக்கிறாய். ‘பால்’ கேட்டால் பாலை விட்டுவிட்டுப் ‘பால்வாடி’யைக் காட்டுகிறாய். கேட்டதைக் கொடுப்பவர் பலர். கேளாததைத் தேடிக் கொடுப்பவன் நீயே.

உன் இலக்கண அறிவும் பெரிது. சொல்லின் இரு முனையிலும் எல்லைக்குறி வைத்துத் தேடுகிறாய். எது எழுத்து என்று உனக்குச் சொல்லிக்கொடுப்பது பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி. அதன் கணக்கில் க, ல, வ எழுத்துகள். புள்ளியும் காலும் கொம்பும் எழுத்தில் சேராதவை. அதனால் ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை ‘தம’, ‘ழ’ என்று இரண்டாகப் பெருக்குகிறாய். புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடியும் சொல் தனியே நின்றால் உனக்கு அது சொல்லே அல்ல. மெய்க்குப் புள்ளி வகுத்த தொல்காப்பியருக்கும் எட்டாத நுட்பம் இது!

இங்கே கடைப்பலகைகளில் காணும் அரபிச் சொற்களைக் கொடுத்தால் சரியாகவே பிடிக்கிறாய். ஏனெனில் குற்றுயிர்க் குறிகளை எழுதாமல் விடுவது அரபி எழுதுவோர் வழக்கம். நாங்கள் அப்படி விட்டால் ‘கொடி’ ‘கட’ ஆகிவிடும். அந்தக் ‘கொ’வின் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடில்லை, ஒருங்குறி விதியும் இரண்டும் சமம் என்கிறது. உன் கூர்ந்த கண் மட்டும் அவற்றைப் பிரித்தறிந்து ஒன்றை ஒதுக்கிவிடுகிறது.

உறுதியிலும் உனக்கு நிகரில்லை. குறிகளும் எழுத்தோடு சேர்ந்தவையே என்று ஒருங்குறி அமைப்பின் 18ஆம் தொழில்நுட்பத் தரம் பரிந்துரைக்கிறது. ரஸ்ட் மொழிக்காரர்கள் இளகிய மனத்தவர்கள், கேட்டுக்கொண்டார்கள். பைத்தானிடம் 2007லேயே முறையிட்டார்கள். தேவநாகரிக்கும் இதே கதி என்றார்கள். உன் ஆசான் அசையவில்லை, நீயும் அசையவில்லை.

தமிழை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செயற்கூற்றை முத்து அண்ணாமலை உள்ளிட்ட ஓப்பன்-தமிழ் நூலகக்காரர்கள் பைத்தானிலேயே எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். உன் வாசலிலேயே இருக்கும் அதை இன்றுவரை நீ கையால் தொடவில்லை. பிறர் பொருளுக்கு ஆசைப்படாத உத்தமன் நீ.