நாங்களும் ஒரு செட்டுதாம்லே

ஏலே பேரப்பிள்ள, இங்கன வா. காதுல செருகியிருக்கத எடு. ரெண்டையும் எடு. ஒரு காதைத் தாத்தாவுக்கும் மறு காதை பர்மிங்ஹாம் பாட்டுக்காரனுக்கும் குடுத்தா ரெண்டு பேருக்குமே மரியாதை இல்ல.

நீ லீவுக்கு வந்து இன்னையோட பன்னெண்டு நாளாச்சு. வந்து எறங்குன அன்னைக்கே ஊருக்குள்ள பேச்சு. சித்திரை வெயில்ல, கரிசக்காட்டுல, கறுப்புச் சட்டை! உங்க ஆச்சி நீ சபரிமலைக்கு மாலை போட்டுருக்கன்னு நெனச்சு ரெண்டு நாளா கறிக்கொழம்பு வைக்கல. மூணாம் நாளு நீயே வாய்விட்டுக் கேட்ட பொறவுதான் வெசயம் வெளிய வந்துச்சு. எதுத்த வீட்டு மாமா சட்டையில இருக்க மண்டையோட்டைப் பாத்துட்டு, "பையனுக்கு கரண்ட் ஆபீஸ்ல வேலை கெடச்சிட்டா?"ன்னு கேக்காரு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல. டிரான்ஸ்பார்மர்ல 'அபாயம்'னு தொங்குத பலகையில இதே மண்டைதான் இருக்கு.

கட்டில்ல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு தலையை அந்த ஆட்டு ஆட்டுனியே, அன்னைக்கு ஆச்சி விபூதித் தட்டைத் தூக்கிட்டு வந்துட்டா. நான்தான் தடுத்தேன். சாமி வந்தவனுக்கு எலுமிச்சம்பழம் குடுத்தா மலையேறிரும், இவனுக்கு வந்தது சாமியில்ல, சார்ஜ் தீந்தா தானா நின்னுரும்னு சொன்னேன். நின்னுச்சா இல்லையா?

சரி, நேத்து சாயங்காலம் கேட்டியே, அந்தக் கதைக்கு வாரேன். "தாத்தா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு." என்னத்தைச் சொல்லணும்? எலக்ட்ரிக் கிடார் ஒண்ணு, கிடாருக்கு ஒரு ஆம்ப்ளிபையர், காலால மிதிக்க ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு வயரு, வயரு சுத்தி வைக்க ஒரு பை. தாலி மட்டுந்தான் விட்டுப்போச்சு, மத்தபடி கல்யாண லிஸ்டு.

கேட்டது யாருகிட்ட? நாப்பது வருசம் நையாண்டி மேளத்துல தவில் அடிச்சவன்கிட்ட. எனக்கு பேண்டுன்னா என்னன்னு நீ பாடம் எடுக்க. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தாளம். இதை நாங்க செட்டுன்னு சொன்னோம், நீ பேண்டுங்க. எங்க செட்டுக்கு முன்னால கரகம் ஆடும். உங்க செட்டுக்கு முன்னால நீங்களே ஆடுதிய. வேற என்ன வித்தியாசம்? ஆங், எங்களுக்குக் கடைசிப் பந்தியிலதான் சோறு. உங்க ஆளுகளுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது.

பன்னெண்டு நாளா நீ ஆச்சிகிட்டயும் ஆட்டுக்குட்டிகிட்டயும் பேசுனது பூராவும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். தாத்தா ஒறங்குதாருன்னு நெனச்ச. தவில்காரன் கண்ணை மூடுனா ஒறங்குதான்னு அர்த்தமாலே? நீ சொன்ன கதையையே உனக்குத் திருப்பிச் சொல்லுதேன். தப்பு இருந்தா கேளு.

அந்த பிளாக் சபாத் செட்டுல கிடார் அடிச்சானே டோனி அயோமி, அவன் பதினேழு வயசுல பர்மிங்ஹாம்ல ஒரு தகர ஆலையில வேலை பாத்தான். 1965. வேற ஒரு செட்டோட வெளிநாடு போறதுக்காக வேலையை விட்டுட்டான், அன்னைக்குத்தான் கடைசி நாளு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன் இனிமே போகமாட்டேன்னு சொல்லியிருக்கான். அவங்கம்மா விடல. ஒழுங்கா போயி வேலையை முடிச்சிட்டு வான்னு அனுப்பிவிட்டுட்டா. போனான். மிஷின் அவன் வலது கையில நடுவிரலு, மோதிர விரலு ரெண்டோட நுனியையும் எடுத்துருச்சு. இடதுகைக்காரன்லா? தந்தியை அமுத்துத கை வலதுதான்.

இந்த எடத்துல நீ 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்ட. எனக்கு அங்கனதான் கதையே ஆரம்பிச்சுது. அந்த ஆலை மேஸ்திரி ஒரு இசைத்தட்டை எடுத்துக்கிட்டு அவனைப் பாக்க வந்தான். ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒருத்தன் வாசிச்சது. அவன் 1928-ல வண்டி வீடு தீப்பிடிச்சு, இடது கையில ரெண்டு விரலு வெளங்காமப் போனவன். மிச்சம் ரெண்டு விரல வச்சே ஓடி ஓடி வாசிச்சவன். அதைக் கேட்டதும் நம்ம பையனுக்கு வீம்பு வந்துருச்சு. பாத்திரம் கழுவுத சோப்புத் தண்ணி வருதுல்லா, அந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல பழைய தோலை ஒட்டி மாட்டிக்கிட்டான். கனத்த தந்தியை அமுத்த முடியல. மெல்லிசு தந்தியாப் போட்டான். பொறவு அதையும் தளத்திக் கட்டுனான். தளந்த தந்தி தடிச்ச கொரல்ல பேசிச்சு. 'ஹெவி, ஹெவி'ங்கியே, அந்தக் கனம் தந்தியைத் தளத்துனதுல வந்ததுலே.

இந்தா, என் வலது கையைப் பாரு. விரல் நுனி எல்லாம் காச்சுப்போயி கெடக்கு. தவில்ல ஒரு பக்கம் கழி, மறுபக்கம் விரலு. வெறும் விரலால அடிச்சா ஒரு ராத்திரி தாங்காது. பழந்துணியைக் கிழிச்சு, பசையைத் தடவி, விரல்ல சுத்திக் காயவச்சு கூடு செய்வோம். அது கல்லு கணக்கா இறுகிரும். கூடு மாட்டுனாத்தான் 'ணங்'குன்னு பேச்சு வரும். எங்க அப்பா எனக்கு மொதக் கூடு சுத்திவிட்டது எட்டு வயசுல. பர்மிங்ஹாம்காரனுக்கு அதை யாரும் சொல்லிக்குடுக்கல, அவனே கண்டுபிடிச்சிருக்கான். அன்னையில இருந்து அவன் எனக்குச் சொந்தக்காரன். உனக்கு அவன் வெறும் சட்டை.

இன்னொண்ணு. பிளாக் சபாத்தோட மொத ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்துதுன்னு சொல்லி நீ பயங்காட்டுன. மழை பெய்யுது, மணி அடிக்கு, இடி இடிக்கு, பொறவு கிடாரு மூணே மூணு சொரம் போடுது. அது பிசாசு சொரம், அந்தக் காலத்துல பாதிரியாரெல்லாம் அதைக் கேட்டா மொகஞ்சுளிப்பாங்கன்னு சொன்ன. அப்படி என்ன சொரம்னு நானும் நாயனத்து அண்ணாச்சியும் கேட்டோம். சட்சமம், மேல் சட்சமம், பொறவு பிரதி மத்திமம். அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கல. "ஏ, இந்த மத்திமத்தைப் போட்டுத்தானடா நாம கல்யாண வீட்டுல கல்யாணி வாசிக்கோம்!" அவங்க ஊருல பேயை வரவச்ச சொரம், நம்ம ஊருல மாப்பிள்ளையை வரவைக்கு. ரெண்டும் ஒண்ணுதானோ என்னமோ, உங்க ஆச்சிகிட்ட கேளு.

பொறவு, கிங்க்ஸ்னு ஒரு செட்டு. 1964-ல டேவ் டேவிஸ்னு ஒரு பையன், அவனுக்கும் பதினேழுதான், தன்னோட சின்ன ஆம்ப்ளிபையர் ஸ்பீக்கரை சவரப் பிளேடு வச்சுக் கிழிச்சுட்டான். அதுல வந்த கரகரப்புக்கு ஊரே கெறங்கிப்போச்சு. நீ மிதிக்கதுக்குக் காசு கேக்கியே பெட்டி, அது பிளேடு செஞ்ச வேலையைத்தான் செய்யுது. நம்ம கோயில் கொடைக்கு வருத ரேடியோ செட்டுக்காரன் ஸ்பீக்கரு கிழிஞ்சு பத்து வருசமாச்சு. லண்டன்ல பொறந்திருந்தா அவன் படத்தையும் சட்டையில போட்டுருப்பிய. இங்கன பொறந்ததால வருசாவருசம் கூலியில எரநூறு புடிக்கோம்.

குயீன் செட்டு கதை எனக்கு இன்னும் பிடிச்சுது. பாடுனவன் ஃபிரெடி மெர்குரி, சான்சிபார்ல பொறந்து, நம்ம மகாராஷ்டிராவுல பஞ்சகனி போர்டிங் பள்ளிக்கூடத்துல படிச்ச பார்சிப் பையன். பள்ளிக்கூடத்துலயே ஒரு செட்டு வச்சிருந்தானாம். அதைவிடு. கிடார்க்காரன் பிரையன் மே இருக்கான் பாரு, அவனுக்கும் உன்னை மாதிரி கிடாரு வேணும், கடையில வாங்கக் காசு இல்ல. 1963-ல அவனும் அவங்க அப்பாவும் சேந்து செய்ய ஒக்காந்தாங்க. இடிச்சுப் போட்ட கணப்படுப்புச் சட்டத்துல கழுத்து. அதுல பூச்சி அரிச்ச ஓட்டை இருந்துச்சு, தீக்குச்சியைச் சொருகி அடைச்சான். பழைய மோட்டார் பைக்கு ஸ்பிரிங்கு. அம்மாவோட பின்னல் ஊசி. பொத்தானு. ஏறக்கொறைய ரெண்டு வருசம் ஆச்சு, செலவு எட்டு பவுண்டு. இன்னைக்கும் அதைத்தான் வாசிக்கான், அதையும் காசை வச்சு மீட்டுதான். நடுவுல 2007-ல வானசாஸ்திரத்துல டாக்டர் பட்டமும் வாங்கிட்டான். அந்த ஒரு வரியை மட்டும் உங்கப்பன்கிட்ட சத்தமாச் சொல்லு, பாதி வேலை முடிஞ்சிரும்.

மீதிப் பாதிக்கு யோசனை கேட்டன்னா, உங்கப்பன்கிட்ட கிடாரு கேக்காத, ரெண்டு வருசத்து சாயங்காலத்தைக் கேளு. தீக்குச்சி வேணும்னா கோவில்பட்டியில மலைமலையாக் கெடக்கு. உங்கப்பனுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாதுங்கதும் உண்மைதான். என் மகன், எனக்குத் தெரியாதா?

டெஃப் லெப்பர்ட் டிரம்ஸ்காரன் ரிக் ஆலன் 1984 கடைசி நாள்ல கார் விபத்துல இடது கையவே இழந்துட்டான். காலால மிதிச்சு வாசிக்கப் பழகிக்கிட்டு இன்னைக்கும் மேடை ஏறுதான். நீ நேத்து கை வலிக்குன்னு ஒரு கொடம் தண்ணியைப் பாதி வழியில எறக்கி வச்சுட்டு வந்த. ஒப்பிடல, சும்மா ஞாபகம் வந்துச்சு.

பீட்டில்ஸ்காரங்க 1960-ல ஜெர்மனிக்கு, ஹாம்பர்க்குக்குப் போயி, ராத்திரி ராத்திரியா மணிக்கணக்குல நின்னு அடிச்சானுவ. கொடையில சாமக்கொடை முடியுத வரைக்கும் நாங்க அடிக்கல? அதே பாடுதான். அங்க ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயசு பதினேழுதான்னு கண்டுபிடிச்சு போலீசு ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டு. உனக்கு இப்ப பதினாறு. நாடு கடத்தப்பட இன்னும் ஒரு வருசம் இருக்கு, அதுக்குள்ள ஏதாவது கத்துக்கிட்டா கௌரவமா இருக்கும். 1962-ல பாட்டுக் கம்பெனிக்காரன் ஒருத்தன் அவனுவளைக் கேட்டுப் பாத்துட்டு, கிடாரு செட்டுக்கெல்லாம் காலம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லி அனுப்புனானாம். எங்களுக்கும் சொன்னாங்கலே. ஒரு கல்யாண வீட்டுல கெட்டிமேளத்தையே பென்டிரைவ்ல போட்டுட்டு, செட்டு வேண்டாம்னு பாதிக் கூலியைக் குடுத்து பஸ் ஏத்திவிட்டாங்க. தாலி கட்டும்போது கரண்டு போயிருச்சுன்னு பொறவு கேள்விப்பட்டோம். நாங்க சிரிக்கல. பஸ்சுக்குள்ள வச்சுச் சிரிச்சோம்.

இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். ரோலிங் ஸ்டோன்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கியே, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு? முழிக்காத. மட்டி வாட்டர்ஸ்னு ஒரு கறுப்பினப் பாட்டுக்காரன், அவன் பாட்டுல இருந்து எடுத்தது. 1961-ல டார்ட்ஃபோர்டு ரயில் ஸ்டேசன்ல ஒரு பையன் கக்கத்துல அவனோட இசைத்தட்டை இடுக்கிக்கிட்டு நின்னான், இன்னொரு பையன் அதைப் பாத்து வந்து பேச்சுக் குடுத்தான். அப்படிச் சேந்த செட்டு அது. இவ்வளவும் நீ சொன்னதுதான். ஆனா மட்டி வாட்டர்ஸை ஒரு பாட்டு கேட்டியாலேன்னா, இல்லைங்க. மிசிசிப்பியில பருத்திக்காட்டுல டிராக்டர் ஓட்டுனவன். பாட்டிதான் வளத்தா. சேத்துத் தண்ணியில வெளையாடுதான்னு அந்தப் பேரு வச்சதும் பாட்டிதான். 1943-ல சிகாகோ போனான். அங்க சாராயக்கடை இரைச்சல்ல வெறுங்கிடாரு எடுபடலன்னுதான் கரண்டு கிடாரைப் பிடிச்சான். கரிசக்காட்டுல பருத்தி எடுத்தவ உங்க ஆச்சி. அவ பேரன், பருத்திக்காட்டுக்காரன் பாட்டை லண்டன்காரன் வாயால கேட்டுட்டு போதும்னு நிக்க! சம்மந்தி வீட்டுல சாப்பிட்டுட்டு, சமைச்சவ யாருன்னு கேக்காம வருதாப்புல இருக்கு.

அந்தக் காது அடைப்பானை ராத்திரி பூரா மாட்டிக்கிட்டே ஒறங்காத. தி ஹூ செட்டு பீட் டவுன்சென்ட், தன் காது கெட்டதுக்கு ஸ்டுடியோவுல மாட்டுன ஹெட்போன் மேலதான் பழியப் போட்டான். என் இடது காதும் போச்சு, தவிலால. ஆச்சி திட்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடுவேன். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அவசரப்படாத.

உங்கப்பன்கிட்ட நான் பேசுவேனா மாட்டேனாங்கது பொறவு. வெள்ளிக்கிழமை சுடலைமாடன் கொடை. நம்ம செட்டுல தாளம் போடுத பையன் திருப்பூருக்குப் போயிட்டான், ஆளு இல்ல. தாளத்தைத்தான் ஊருல ஜால்ராங்காங்க. கிடாருக்காக உங்கப்பனுக்கு ரெண்டு மாசமா அடிக்கியே, அது இல்ல, நெசமான பித்தளை ஜால்ரா. ராத்திரி பூராவும் ஒரு தட்டு பிசகப்படாது. பிசகுனா அண்ணாச்சி நாயனத்தை எறக்காமலே மொறைப்பாரு.

ஒம்பதரைக்கு மேளம். கோயில் வாசலுக்கு வந்துரு. அந்த மண்டையோட்டுச் சட்டையவே போட்டுட்டு வா, மாடன் சுடுகாட்டுச் சாமி, பாத்தாச் சந்தோசப்படுவான்.