அடுத்த மாடல் ஆசாமி

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருவர் இருப்பார். வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், மெயின்டனன்ஸ் பாக்கி என்று எது ஓடினாலும் வாய் திறக்க மாட்டார். ஆனால், "நல்ல வைஃபை ரௌட்டர் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது அப்பாவி கேட்டுவிட்டால் போதும், மனிதர் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிடுவார். ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் தட்டச்சு செய்துகொண்டேதான் இருப்பார். கடைசியில் வரும் பதில் ஒரே வரி: "இப்ப எதுவும் வாங்காதீங்க சார். அடுத்தது வரட்டும்."

கடைக்கு வந்துவிட்ட எதுவும் அவர் கணக்கில் 'அடுத்தது' ஆகாது, பழசு. வைஃபை 5 இருந்த காலத்தில் 6-க்காகக் காத்திருந்தார். 6 வந்ததும் 6ஈ. அதற்கு 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். அதன் கீழ்ப் பகுதியை வீடுகளில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடும் வரைவு விதியையே நம் அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. எங்கள் குடியிருப்பில் அந்த அரசிதழை முழுசாகப் படித்தவர் நம்மவர் ஒருவர்தான். இடையில் 2024 ஜனவரியில் வைஃபை 7 சாதனங்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த முறையாவது வாங்கிவிடுவார் என்று வீட்டில் நம்பினார்கள். அவர் 8-ஐப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அடுத்தவர் வீட்டுப் பெட்டிமேல் அவருக்கு அளவில்லாத அக்கறை. காப்பி சாப்பிட வந்தவர், சோபாவில் உட்காருவதற்கு முன் டிவி பக்கம் போய்ப் பெட்டியைக் கவிழ்த்து அடியில் உள்ள லேபிளைப் படிப்பார். "ரேம் எவ்வளவு?" என்பார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தன் வீட்டு ரௌட்டரின் ரேம் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருப்பவர் ஏற்கெனவே இந்த ஜாதியில் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்து ஹால் நடுவில் நின்று சுற்றிலும் காட்டுவார். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. பிளாக் முழுக்க ஆறாம் சேனலில் நெருக்கியடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தாங்காது. அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து, "எல்லாரும் ஆறுலயே உட்கார்ந்திருந்தா எப்படி? யாராவது ஒண்ணுக்குப் போங்க சார்!" என்று கெஞ்சியவர் அவர். இரண்டாவது மாடித் தாத்தா உடனே எழுந்து போனார்.

நம்மவரை முழுசாக அறிய வேண்டுமானால் 2024-ஆம் ஆண்டில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்று ஒன்று உண்டு. ரௌட்டர் கம்பெனி போட்டுக்கொடுத்த மென்பொருளைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய இலவச லினக்ஸ் மென்பொருள். இருபது வருஷமாக அடுத்தவர்கள் செய்த பெட்டிகளுக்கே மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்கள், அந்த ஜனவரியில் தங்களுக்கென்றே ஒரு பெட்டி செய்யப்போவதாக அறிவித்தார்கள். எந்தச் சிப், எவ்வளவு நினைவகம், எத்தனை போர்ட், ஏன் அத்தனை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி ஊர் பார்க்க வைத்தார்கள். வராத ரௌட்டர், ஆனால் குறை சொல்ல விவரம் அத்தனையும் கையில்! நம்மவருக்கு அதற்குப்பின் தூக்கம் ஏது?

பார்க்கிங்கில் பிடித்துக்கொண்டார். "ரெண்டே ரெண்டு லேன் சாக்கெட் சார்! ரெண்டு! என்ன நெனச்சிட்டிருக்காங்க?"

"கூட வெச்சா விலை ஏறும்னு எழுதியிருக்காங்களே."

"ஏறக் கூடாது சார்."

இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய பொருளாதாரக் கொள்கை முழுக்க அடங்கிவிடுகிறது. இருக்கிற இரண்டிலும் ஒன்று 2.5 ஜிகாபிட், மற்றது 1 ஜிகாபிட். வெளியிலிருந்து இரண்டரை வந்து உள்ளே ஒயரில் ஒன்றுதான் போகும் என்பது அவரை நேரடியாகப் பாதித்தது. மீதி ஒன்றரை எங்கே போகிறது என்று சொந்தப் பணத்தைப் பறிகொடுத்தவர்போலக் கேட்டார். அவர் வீட்டுக்கு வரும் இணைப்பு 100 மெகாபிட். பில் கட்டுவது அவர் மனைவி. "இதுவே ஜாஸ்தி" என்பது அந்த அம்மாளின் கட்சி.

அடுத்த குற்றச்சாட்டு யுஎஸ்பி. இந்தக் காலத்தில் போய் யுஎஸ்பி 2 வைப்பார்களா? அதற்கும் பதில் இருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த மீடியாடெக் ஃபிலாஜிக் 820 சிப்பில் வேகமான யுஎஸ்பி 3-க்கும் பிசிஐஈ-க்கும் ஒரே வழித்தடம். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். பிசிஐஈ-யை எடுத்துக்கொண்டு, சின்ன எஸ்எஸ்டி ஒன்றைச் செருகும்படி எம்.2 ஸ்லாட் வைத்தார்கள். நம்மவருக்கு இரண்டும் வேண்டும். "சிப்பையே மாத்தியிருக்கலாமே?" மாற்றலாம். விலை ஏறும். ஏறக் கூடாது. சரி, அந்த எஸ்எஸ்டியில் எதைப் போட்டுவைப்பதாக உத்தேசம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கல்யாண வீடியோ" என்றார். அது இன்னும் டிவிடியில் இருக்கிறது. ஓட்ட வீட்டில் பிளேயர் இல்லை.

எனக்கு அந்தப் பெட்டியில் பிடித்துப்போனது அவர் கண்ணில் படாத ஒரு விஷயம். அதில் ஃபிளாஷ் நினைவகம் இரண்டு. பெரிய 128 மெகாபைட் சிப்பில்தான் தினசரி வேலை நடக்கும். சின்னது எழுத்துக்குப் பூட்டுப் போட்டது. மீட்டெடுக்கும் புரோகிராமும் வைஃபைக்கான அளவுத்திருத்த விவரங்களும் அதில் பத்திரமாக இருக்கும். எதையாவது ஏற்றப் போய்ப் பெரியதைப் பாழாக்கிவிட்டால், ஒரு சுவிட்சைத் தள்ளிச் சின்னதிலிருந்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம். தன் வாடிக்கையாளர் யார் என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டு செய்த பொருள் சந்தையில் அபூர்வம். நம்மவர் வீட்டுப் பரணில், மென்பொருள் ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனதால் விளக்குகூட எரியாமல் போன பெட்டிகள் தூங்குகின்றன. மனைவி காயலான் கடைக்குப் போடச் சொல்லும்போதெல்லாம், "சீரியல் கேபிள் வாங்கினதும் சரி பண்ணிடுவேன்" என்பார். புதுப் பெட்டியில் அந்தச் சீரியல் கன்சோலையும் யுஎஸ்பி-சி வழியாக வெளியிலேயே கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றியும் பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. "1 ஜிபி ரேம்தானா?" என்றார். அவர் வீட்டுக்கு அது ஏகப்பட்டது.

2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் விற்பனைக்கு வந்தது. கூட்டோடு சேர்த்து 89 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 7,500 ரூபாய். நம்மவர் மனசில் இருந்தது இரண்டாயிரம். அதோடு, பெட்டி கையில் கிடைக்கிற நிலைக்கு வந்துவிட்டதால் அவருக்கு அதன்மேல் இருந்த ஈர்ப்பும் போய்விட்டது. "இதுல வைஃபை 6தான். 7 வெச்சு 'டூ'ன்னு ஒண்ணு வரப்போகுதாம். அது வரட்டும்."

இனி, வராத பெட்டியை விட்டுவிட்டு வந்த பெட்டியைப் பார்க்கலாம். அவர் வீட்டில் ஓடுவது நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. ஃபைபர் ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்ததோ, அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அந்த இடத்தில் ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. பெட்டி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். இரும்பு ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் என்பதும், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டுவதில் 2.4-ஐவிடச் சோடை என்பதும், 6 அதைவிட மோசம் என்பதும் அவருக்கு அத்துப்படி. நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஆண்டெனா விஷயத்திலும் அப்படியே. நம்மில் பலர் ஆண்டெனாவின் நுனியைப் படுக்கையறையைப் பார்த்துத் திருப்பிவைத்து, அந்தப் பக்கம் சிக்னலைத் தள்ளிவிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். குச்சி ஆண்டெனாவிலிருந்து அலை மெதுவடை வடிவத்தில் கிளம்புகிறது. குச்சி நிற்பது ஓட்டைக்குள். அகலவாட்டில் சுற்றிலும் பலம்; நுனி பார்க்கும் திசையில் ஒன்றும் இல்லை. ஆக, படுக்கையறைக்கு நாம் அனுப்பிவைப்பது ஓட்டையைத்தான். இதை அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, குச்சிகளை நிமிர்த்திவிட்டு வருகிறார். சொந்தப் பெட்டியின் குச்சிகள் பீரோ இடுக்கில் நிமிர இடமில்லாமல் மடங்கிக் கிடக்கின்றன. மனைவி ஆபீஸ் மீட்டிங்குகளை பால்கனியில் நின்றபடி செல்போன் ஹாட்ஸ்பாட்டில் முடித்துக்கொள்கிறார்.

"ஏங்க, இதை ஒரு ஆணி அடிச்சு ஹால்ல மாட்டக் கூடாதா?"

"தற்காலிகப் பெட்டிக்கு எதுக்கும்மா ஆணி?"

இவரைக் கேலி செய்வதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு பெட்டி கொண்டுவந்தது. இதே மாதிரி நச்சரிப்பு ஆசாமிகள் அதன் உள்ளே தோண்டிப் பார்த்து, ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸை வைத்துப் பொருள் விற்றால், உரிம விதிப்படி மூலநிரலைக் கொடுக்க வேண்டும். விடாமல் கேட்டார்கள், 2003-இல் நிரல் வெளியே வந்தது. அதிலிருந்து 2004-இல் முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரிலேயே அந்தப் பெட்டியின் பெயர் இருக்கிறது. பின்னால் கம்பெனி சிக்கனம் பிடிக்க ஆரம்பித்து, ஐந்தாம் பதிப்பில் ரேமை 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆகவும், ஃபிளாஷை 4-லிருந்து 2 ஆகவும் வெட்டி, லினக்ஸையும் தூக்கிவிட்டது. அப்போதும் இந்தக் கூட்டம் விடவில்லை. பழைய அமைப்பையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்க வேண்டிவந்தது. அது பத்து வருஷத்துக்கும் மேலாக விலைபோயிற்று. ரேம் எவ்வளவு என்று கேட்பவர்கள் இல்லாவிட்டால் கம்பெனிக்காரர்கள் சத்தமில்லாமல் பாதியாக்கிவிடுவார்கள் என்பது உண்மை.

ஆனால் அவர்கள் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துத் திறந்தவர்கள். நம்மவர் வாங்காமலே திறக்கப் பார்க்கிறார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்பிலும் இவர் இருப்பார். அலட்சியம் செய்ய வேண்டாம். ரௌட்டரை எங்கே வைப்பது, எந்தச் சேனலில் போடுவது, குச்சியை எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். வீட்டுக்கே வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு பைசா வாங்காமல் செய்துகொடுப்பார். சிக்னல் நிஜமாகவே கூடும். எதை வாங்குவது என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்குக் கடையில் இருப்பதில் ஜிகாபிட் போர்ட் உள்ள ஒன்றாகப் பார்த்து வாங்கி மாட்டிவிடுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம்; எப்படியும் காப்பிக்கு வரும்போது கவிழ்த்துப் பார்த்துக்கொள்வார்.