பிரைட்டன் திருக்கடற்கரைப் பிரபாவம்

தென்னிங்கிலாந்தின் நெற்றித் திலகமாய், லண்டன்வாழ் மாந்தர்க்கெல்லாம் கோடைக்கால முக்தித் தலமாய் எழுந்தருளியிருக்கும் பிரைட்டன் கடற்கரையின் மகிமையை முழுதும் உரைக்க ஆயிரம் நாவு படைத்த ஆதிசேஷனாலும் ஆகாது. ஒற்றை நாவும் வெயிலில் தோலுரிந்த மூக்கும் மட்டுமே உடைய அடியேன், இயன்ற மட்டும் சொல்லிப் பார்க்கிறேன்.

யாத்திரையே முதற்பேறு. விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். பகீரதன் கங்கையைக் கொணர ஒற்றைக் காலில் தவமிருந்தானாம். வெயிலடிக்கும் என்று அறிவிப்பு வந்த ஞாயிறன்று, ஆங்கிலக் கால்வாயைக் காண அடியேனும் அவ்வாறே நின்றேன். மற்றொரு கால் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புண்ணியவானின் பீர்ப் பெட்டி வீற்றிருந்தது. கிராய்டனில் ஏறிய நம்மவர் குடும்பமொன்று புளியோதரைத் தூக்கைத் தலைக்குமேல் ஏந்தி நின்ற காட்சியில் பால்குடத் திருவிழாவின் பக்தி தெரிந்தது.

இத்தகைய கூட்டத்தின் அருமையை உணர எல்லோருக்கும் கொடுப்பினை இருப்பதில்லை. நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆசையாய்க் கட்டிய பெவிலியன் அரண்மனை இங்கேதான் இருக்கிறது. இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத ஜான் நாஷ், இந்தியக் குவிமாடங்களால் அதற்கு மகுடம் சூட்டினார். 1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. பின்னாலேயே குடிமக்களும் வந்து, கடற்கரையில் நடந்த விக்டோரியா மகாராணியாரை அண்ணாந்தும் குனிந்தும் பார்த்து மகிழ்ந்தார்கள். மகாராணியாரோ 1845-க்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 1850-இல் அரண்மனையையே ஊராரிடம் விற்றுவிட்டார். பாரெல்லாம் ஆண்டு என்ன பயன்? பக்கத்துத் துண்டுக்காரரின் முழங்கால் தம் விலாவில் பதியும் சுகத்தை அவர் அனுபவிக்காமலே போய்விட்டார்.

மணல் என்னும் அற்பப் பொருளை இந்தச் சன்னிதானம் ஏற்பதில்லை. மெரினாவில் வளர்ந்த பாமரர்கள் மணலில் சொகுசாக உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள். இங்கே கண்ணுக்கெட்டிய தூரமும் கூழாங்கல்லே. செருப்பைக் கழற்றிய கணமே உள்ளங்கால் வைத்தியம் தொடங்கிவிடுகிறது; மல்லாந்து படுத்தாலோ முதுகெலும்பின் கணு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உபசாரம். நீரை நோக்கிச் சென்ற கனவான் ஒருவரை அருகிருந்து தரிசித்தேன். இரு கைகளையும் விரித்தார்; ஒரு பாதம் வைத்தார்; உதட்டைக் கடித்தார்; இடுப்பொடித்து மறுபாதம் வைத்தார். பரதத்தின் அடவுகள் அத்தனையும் ஆடி நீர்விளிம்பை அடைந்து, ஆகஸ்டிலும் 18 டிகிரியை ஒட்டியே நிற்கும் அந்தப் புனித நீரில் கணுக்காலை நனைத்தார். முகம் நீலம் பாரித்தது. அதே அடவுகளை ஆடித் திரும்பி வந்து, ‘அற்புதம்!’ என்று மனைவியிடம் சொன்னார். இந்த நாட்டாரின் சத்தியத்தைச் சந்தேகிக்க அடியேன் யார்?

அந்நீரின் மருத்துவப் பெருமையோ உலகறிந்தது. 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீரில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் சுரப்பி நோய்கள் தீரும் என்று லத்தீனில் நூல் எழுதினார். மீன்பிடி ஊராயிருந்த பிரைட்டனுக்கு அன்று அடித்தது யோகம். அம்மருந்து வீரியம் குன்றாதபடி காக்கும் திருப்பணியைப் பிற்காலத்தில் கழிவுநீர்க் கம்பெனிகள் சிரமேற்கொண்டன. பெருமழைக் காலத்தில் சாக்கடை நீரைக் கடலுக்குத் தானம் செய்வது இத்தேசத்தின் பொதுவழக்கம். தென்கரையைப் பராமரிக்கும் கம்பெனியோ அனுமதிக்குக்கூடக் காத்திராமல் 2010 முதல் 2015 வரை வாரி வழங்கியது. கொடைமடம் அறியாத நீதிமன்றம் 2021-இல் 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. பாரிக்கும் பேகனுக்கும் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை.

அடுத்து, இக்கரையின் மெய்யான ஜமீன்தார்களாகிய கடற்காகப் பிரபுக்கள். மீனும் சிப்ஸும் வாங்கிய அடியேன் தாளைப் பிரித்து, வினிகர் தெளித்து, குட்டி மரமுள்ளால் மொறுமொறுத்த மேல்மாவை உடைத்து, ஆவி பறக்கும் வெள்ளைச் சதையை வாய்வரை உயர்த்தினேன். கன்னத்தில் சாமரக் காற்று வீசிற்று. கையில் எலுமிச்சைத் துண்டு மிஞ்சியது. பிரபு விளக்குக் கம்பத்தில் அமர்ந்து நிதானமாக விருந்துண்டார். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அவரைக் காக்கிறது. பறிப்பவருக்குப் பாதுகாப்பும் பறிகொடுத்தவருக்குப் பொறுமையும் வழங்கும் நீதிநெறி நம்மவர்க்குப் புதிதல்ல. ஆகையால் ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கினேன்.

1899-இல் திறக்கப்பட்ட பேலஸ் பியர் என்னும் கடற்பாலத்தின் வள்ளன்மையும் குறிப்பிடத்தக்கது. வெளியூரார் அதன் பலகைகள்மீது நடக்கும் பாக்கியத்துக்கு 2024-இல் கட்டணம் வந்தது. கொடுத்து உள்ளே புகுந்தால், மிச்சக் காசை விழுங்க இயந்திரங்கள் வரிசையாக வாய்திறந்து வரவேற்கின்றன. கனமான பணப்பையைச் சுமந்து திரும்பும் அல்லல் ஒருவர்க்கும் இல்லை.

மாலையில் பக்தர்கள் செலுத்தும் காணிக்கைதான் சிகரம். குப்பைத் தொட்டிகள் நிறைந்து வழிய, அவற்றைச் சுற்றி மதுப்புட்டிகள், எண்ணெய்த் தாள்கள், காற்றுப்போன ரப்பர் அன்னம், பச்சிளம் பாலகரின் மடித்த அரைத்துணி எனக் கொலு வைத்தாற்போல் அடுக்குகிறார்கள். 2002 ஜூலையில் ஃபேட்பாய் ஸ்லிம் என்னும் இசைக்கலைஞர் நடத்திய இலவசக் கச்சேரிக்கு 60,000 பேரை எதிர்பார்த்து, இரண்டரை லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு; அன்று குவிந்த காணிக்கையைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிலிர்க்கிறார்கள். உடைந்த கண்ணாடிச் சில்லுகள் கற்களுக்கிடையே ரத்தினங்களாய்ப் பதிந்து, மறுவாரம் வரும் குழந்தைகளின் பாதங்களுக்காகக் காத்திருக்கின்றன. விடியுமுன் குனிந்து குனிந்து அள்ளும் துப்புரவுத் தொழிலாளருக்குக் கடலழகை ரசிக்கும் நல்வாய்ப்பும் இப்படித்தான் வாய்க்கிறது. இத்தனை கருணையையும் வெறுங்காலும் வெறும்பையுமாய் வந்த நாமே செய்துகொள்கிறோம் என்பது கூடுதல் பெருமை.

ஆகவே, அன்பர்களே, அடுத்த வெயில் ஞாயிறன்று குடும்பத்தோடு தவறாமல் புறப்படுங்கள். நிற்க இடமிருக்கிறதே என்று எண்ணித் தயங்காதீர்கள். நீங்கள் வந்தால் அதுவும் நிறைந்துவிடும். சோம்பலால் வீட்டிலேயே தங்கிவிட்டாலோ, அன்றைய நாள் நிம்மதியாகக் கழிந்துவிடும் அபாயம் இருக்கிறது. எச்சரிக்கை.