தாளிப்பு வடகமும் அம்மோனைட்டும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

குழம்புக்கு ருசி எப்போது வருகிறது என்ற சிக்கலை அறிஞர்கள் அடுப்படியிலேயே வைத்துப் பேசிவந்துள்ளனர். கொதிக்கும்போது என்பர் ஒரு சாரார். இறக்கும்போது என்பர் மறுசாரார். இருசாராரும் மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் கார்த்திகை மழையில் கொதிக்கும் புளிக்குழம்பின் மணம், மாடியில் தாளிப்பு வடகம் காயும் சித்திரை வெயிலிலேயே தயாராகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் ஆய்வெல்லை. திருச்சியிலிருந்து பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடியும் பிரிந்தது. இத்தனை நடந்தும் வடகத்தில் போடும் வெந்தயம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே இங்கே இரு மாவட்டங்களும் ஒரே சமையல்கட்டாகக் கொள்ளப்படுகின்றன.

மூலப்பொருள் சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கம் விளைவதை அறுவடைக்குப் பின் பட்டறை போட்டுக் காற்றாட வைத்திருப்பார்கள். விலை ஏறினால் சந்தைக்கு, ஏறாவிட்டால் வடகத்துக்கு. வெங்காயத்தை உரிக்கும்போது கண்ணீர் வருவதற்கென்றே தனி நொதி ஒன்று உண்டு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தார்கள். அதற்காக 2013இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நொபேல் பரிசும் பெற்றார்கள். உரித்தவர்களுக்குப் பரிசு ஏதும் அறிவிக்கப்படவில்லை. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து உரிக்கும்போது வரும் கண்ணீரில் நொதியின் பங்கு எவ்வளவு, நாத்தனாரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் கருவியும் இன்னும் வரவில்லை.

உரித்ததை உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும் என்பதில் தகவலாளிகளிடையே கருத்து வேறுபாடே இல்லை. இடித்ததோடு உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடிவைப்பார்கள். பகலில் வெயிலில் பரப்புவது, சாயங்காலம் திரட்டி மூடுவது, மறுநாள் உதிர்த்து மறுபடியும் பரப்புவது என ஈரம் சுண்டும்வரை இதே வேலை. பிறகு விளக்கெண்ணெய் தடவி உருண்டை பிடித்துக் காயவைத்துப் பானையில் போட்டால் வருஷம் தாங்கும். அளவு கேட்டபோது “கண்ணளவுதான்” என்றார்கள். யாருடைய கண் என்று கேட்டிருக்க வேண்டியதில்லை.

இனிக் கோட்பாடு. பச்சை வெங்காயத்தை எண்ணெயில் போட்டால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை அதன் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. பொன்னிறமும் வறுபட்ட மணமும் அதற்கு மேலேதான் வேகம் பிடிக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912இல் எழுதிவைத்த வினை அது. வடகத்தில் அந்தத் தண்ணீரைச் சூரியன் ஏற்கெனவே கூலியில்லாமல் வாங்கிக்கொண்டுவிட்டது. காய்ந்த நல்லெண்ணெயில் கிள்ளிப்போட்ட கொஞ்ச நேரத்திலேயே சிவந்துவிடும். அந்த மணம் எண்ணெயில் இறங்கிக் குழம்பின் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் கருகும். கருகிய வடகத்துக்குப் பரிகாரம் எந்தக் கோயிலிலும் கிடையாது.

அரியலூர்ப் பகுதிக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல்லைத்தான் சிமெண்ட் ஆலைகள் இன்று வெட்டியெடுக்கின்றன. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் என்ற ஓட்டுயிர்களை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் காணலாம். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நிலத்தடித் தண்ணீர் கடினமாகும். அதிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, பருப்பு மசியாது. பழி வழக்கம்போல் புது மருமகள்மேல் விழுகிறது. மெய்யான குற்றவாளிக் கூட்டம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோனது. சம்மன் அனுப்ப வழியில்லை. பருப்பு காலை வாரும் நாளில் கீரையைக் கடைந்து வடகம் தாளித்துவிட்டால் குடும்பத்தில் யாரும் பருப்பைப் பற்றி விசாரிப்பதில்லை.

களத்தரவு: வடகம் தாளித்தால் மணம் சுவரைத் தாண்டும். “என்னக்கா, இன்னிக்கு உங்க வூட்டுல கீரையா?” என்ற குரல் எத்தனையாவது வீட்டிலிருந்து வருகிறது என்பதே அளவுகோல். காற்றடிக்கும் திசையையும் கேட்பவரின் வீட்டில் அன்று என்ன குழம்பு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடுகு, சர்க்கரை, தோசைமாவு எல்லாம் தெருவில் கைமாற்றாகப் போகும். வடகம் போகாது. கேட்டால், “இப்பத்தான் தீந்துச்சு” என்பார்கள். பானை மேல்தட்டில் இருக்கும்.

கட்டுரையைக் கருத்துரைக்காகத் துறையின் மூத்த அறிஞரான அத்தையிடம் படித்துக் காட்டினேன். மையாரைப் பற்றிச் சொல்லும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இத எழுதுன நேரத்துக்கு மாடில குந்தி காக்கா ஓட்டியிருக்கலாம்.”